மதுரையில் ரெண்டு நாள், நாலு வெளிச்சம்

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த சில இடங்களைச் சுருக்கியிருக்கிறோம்.)

போன வாரம் நமக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. கோயம்புத்தூர்ல வேலை பாக்குற ஒரு தம்பி. அவர் சொன்னதை அப்படியே படிக்கிறேன்.

"அக்கா, வர்ற மாசம் ஒரு சனி, ஞாயிறு மட்டும் ஃப்ரீயா கிடைச்சிருக்கு. மதுரைக்கு வரணும். எங்க சித்தி வீடு கப்பலூர்ல இருக்கு, அங்கேயே தங்கிக்குவேன். சித்தப்பாவோட பைக் இருக்கு. மதுரையில பாக்க வேண்டிய இடம்னு இன்ஸ்டாவுல பதினாலு சேவ் பண்ணி வச்சிருக்கேன். பதினாலையும் ரெண்டு நாள்ல முடிக்கிற மாதிரி ஒரு பிளான் சொல்லுங்க. முக்கியமா ஒரு போட்டோ வேணும் அக்கா. பொற்றாமரைக் குளத்துப் படியில உக்காந்து, பின்னாடி தெற்குக் கோபுரம் தெரியணும்."

தம்பி, முதல்ல கெட்ட செய்தியைச் சொல்லிடுறேன். அந்த ஒரு போட்டோ மட்டும் உங்களுக்குக் கிடைக்காது.

மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ள செல்போன் கொண்டு போக முடியாது. கேமராவும் முடியாது. 2018 பிப்ரவரி 2 ராத்திரி கிழக்கு வாசல் பக்கம் வீரவசந்தராயர் மண்டபத்துல தீப்பிடிச்சது பலருக்கு ஞாபகம் இருக்கும். அதுக்கு அடுத்த மாசமே, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையோட உத்தரவுப்படி பக்தர்கள் செல்போன் கொண்டு போறதுக்குத் தடை வந்துடுச்சு. 2022 டிசம்பர்ல தமிழ்நாட்டுக் கோயில்கள் எல்லாத்துக்கும் இதே மாதிரி செல்போன் தடையைக் கொண்டு வரணும்னு அதே நீதிமன்றம் சொல்லுச்சு. நீங்க இன்ஸ்டாவுல பாக்குற குளத்துப் படங்கள்ல நிறைய அதுக்கு முன்னாடி எடுத்தது.

அப்போ மதுரைக்குப் போட்டோ எடுக்க வர்றது வேஸ்ட்டா? இல்லவே இல்ல. ஆனா பிளானை வேற மாதிரி போடணும். இன்னைக்கு எபிசோட் அதுதான்.

இடத்தை எண்ணாதீங்க, வெளிச்சத்தை எண்ணுங்க

நான் பண்ணின தப்பை முதல்ல சொல்றேன். சில வருசம் முன்னாடி சென்னையிலேர்ந்து ரெண்டு ஃபிரெண்ட்ஸ் வந்தாங்க. ஒரே நாள்ல எல்லாத்தையும் காட்டிடணும்னு எனக்கு ஒரு வேகம். காலையில பத்து மணிக்குத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினோம். மலைக்குப் போனப்ப பாறை அடுப்பு மாதிரி கொதிச்சுது. கோயில் வாசலுக்கு வந்து சேர்ந்தப்ப மணி பன்னிரண்டே முக்கால், நடை சாத்திட்டாங்க. சாயங்காலம் நல்ல வெளிச்சம் வந்த நேரத்துல நாங்க டிராஃபிக்ல நின்னுக்கிட்டு இருந்தோம். ராத்திரி உக்காந்து பாத்தா ஆளுக்கு நூத்துக்கணக்குல படம். எல்லாத்துலயும் வானம் வெள்ளையா இருக்கு, முகம் கறுப்பா இருக்கு. வச்சுக்கிற மாதிரி ஒண்ணுகூட தேறல.

அன்னைக்குத்தான் ஒண்ணு புரிஞ்சுது. மதுரையில ஒரு நாளைக்குப் படம் எடுக்கிற வெளிச்சம் ரெண்டு தடவைதான் வரும். காலையில சூரியன் வந்ததுலேர்ந்து சுமார் ரெண்டு மணி நேரம், சாயங்காலம் மறையறதுக்கு முன்னாடி ஒண்ணரை மணி நேரம். நடுவுல இருக்கிற வெயில் நேரா தலை மேல இறங்கும். எதுக்கும் நிழல் விழாது, சிற்பமெல்லாம் தட்டையாத் தெரியும்.

ஆக ரெண்டு நாளைக்கு மொத்தம் நாலு வெளிச்சம். ஒரு வெளிச்சத்துக்கு ஒரு இடம்னு நாலு இடம் போதும். மத்தியான வெயிலுக்குக் கூரை இருக்கிற இடம். இருட்டின பிறகு, கேமராவுக்குப் பெருசா வேலை இல்லாத நேரத்துல, கேமரா அனுமதிக்காத கோயில். பிளான் இவ்வளவுதான்.

மதுரையில சூரியன் உதிக்கிறது வருசம் முழுக்க ஆறு மணியை ஒட்டித்தான் இருக்கும். மே, ஜூன்ல ஆறுக்குக் கொஞ்சம் முன்னாடி, ஜனவரி கடைசியில ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னாடி. மறையறது ஆறுலேர்ந்து ஆறே முக்காலுக்குள்ள. நீங்க வர்ற தேதிக்குச் சரியான நேரத்தைப் போன்லயே பாத்துக்கலாம்.

கப்பலூர் ஏன் நல்ல இடம்

கப்பலூர்னு சொன்னா மதுரைக்காரங்களுக்கு டோல்கேட் ஞாபகம் வரும். இல்லன்னா மில்லு, சிட்கோ. சுத்திப் பாக்க வர்றவங்க யாரும் அங்க தங்கணும்னு யோசிக்க மாட்டாங்க. ஆனா மேப்பை எடுத்துப் பாருங்க. கப்பலூர் பக்கத்துலேர்ந்து மூணு வழி பிரியுது.

நடுவுல போறது பழைய ரோடு. திருநகர், திருப்பரங்குன்றம், பசுமலை, பழங்காநத்தம் வழியா நேரா ஊருக்குள்ள பெரியார் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும். இடது கைப் பக்கம் போறது பைபாஸ், ஊரோட மேற்குப் பக்கமா நாகமலைப் புதுக்கோட்டையைத் தொட்டுக்கிட்டு திண்டுக்கல் பக்கம் போகும். வலது கைப் பக்கம் போறது ரிங் ரோடு. ஏர்போர்ட் பக்கமா கிழக்கே சுத்தி, விரகனூர், பாண்டி கோயில் தாண்டி, மேலூர் ரோட்டுல கொண்டு போய் விடும்.

ஊருக்கு நடுவுல ரூம் போட்டவங்க விடியக்காலையில எந்த மலைக்குப் போகணும்னாலும் முதல்ல ஊரை விட்டு வெளியே வரணும். உங்களுக்கு அந்த வேலை இல்ல. சனிக்கிழமை இடது வழி, ஞாயிறு வலது வழி. பைக்குக்கு டோலும் கிடையாது. ஹெல்மெட் மட்டும் போட்டுக்கங்க, நாலுவழிச் சாலை அது.

முதல் வெளிச்சம்: சனி காலை, சமணர் மலை

விடியறதுக்கு முன்னாடி, அஞ்சு மணிக்கெல்லாம் கிளம்பிடுங்க. பைபாஸ்ல நாகமலைப் புதுக்கோட்டை வரைக்கும் வந்து, அங்கேர்ந்து கீழக்குயில்குடிக்குத் திரும்பணும். காலையில ரோடு காலியா இருக்கும், அரை மணி நேரப் பயணம்தான்.

மலையடிவாரத்துல ஆலமரம், அய்யனார் கோயில், பக்கத்துல தாமரைக் குளம். இந்த இடத்துக்கே ஒரு தனி அழகு உண்டு. மலையில ரெண்டு இடம் பாக்கணும். ஒண்ணு செட்டிப்புடவு. குகை மாதிரி இருக்கிற பாறைக்குள்ள உக்காந்த நிலையில தீர்த்தங்கரர் சிற்பம். இன்னொண்ணு பேச்சிப்பள்ளம். படியேறி மேல போனா பாறைச் சுவர்ல வரிசையா சமணச் சிற்பங்கள், கீழே வட்டெழுத்துக் கல்வெட்டுகள். ஒன்பதாம், பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆயிரம் வருசத்துக்கு மேல அதே வெயில், அதே மழையில இருக்கு.

இங்க படம் எடுக்கிறதுக்கு ஒரே ஒரு விசயம் தெரிஞ்சா போதும். புடைப்புச் சிற்பத்துக்கு வெளிச்சம் பக்கவாட்டுல விழணும். நேரா முன்னாடியிருந்து விழுந்தா முகம், கை, குடை எல்லாம் ஒண்ணாத் தெரியும். சாய்வா விழும்போதுதான் ஒவ்வொரு விளிம்புக்கும் ஒரு நிழல் கிடைச்சு உருவம் எழுந்து வரும். அதனால போன உடனே கிளிக் பண்ணாதீங்க. கொஞ்ச நேரம் உக்காருங்க. சூரியன் ஏற ஏறச் சிற்பம் மாறிக்கிட்டே இருக்கும். எப்போ நல்லாத் தெரியுதோ அப்போ எடுங்க. நிழலுக்குள்ள இருக்கிற சிற்பத்துக்குக் கூட வந்தவங்களோட போன் டார்ச்சைப் பக்கவாட்டுல இருந்து பிடிக்கச் சொன்னா அதுவும் வேலை செய்யும்.

பண்ணக் கூடாததையும் சொல்லிடுறேன். கல்வெட்டு எழுத்து தெளிவாத் தெரியணும்னு சாக்பீஸ் பூசுறது, எண்ணெய் தடவுறது, தண்ணி ஊத்துறது வேண்டவே வேண்டாம். நமக்கு ஒரு போட்டோ, கல்லுக்கு நிரந்தரமான சேதம். பேரு எழுதி ஹார்ட்டின் போடுறதைப் பத்தி நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. இது தொல்லியல் துறை பாதுகாக்கிற இடம். சாதாரணமா கையில வச்சு எடுக்கிறதுக்குப் பிரச்சினை இல்ல. டிரைபாட் வைக்கணும்னா முன்அனுமதி வேணும், அதனால அதை வீட்டுலயே வச்சிட்டு வாங்க.

தண்ணி ஆளுக்கு ரெண்டு லிட்டர். எட்டரை மணிக்கு மேல பாறை சூடாக ஆரம்பிச்சிடும், இறங்கிடுங்க. நாகமலைப் புதுக்கோட்டையிலயே டிபன் சாப்பிட்டுக்கலாம்.

வெயில் நேரம்: திருமலை நாயக்கர் மகால்

பத்து மணிக்கு மேல மகால். 1636-ல் திருமலை நாயக்கர் கட்டினதாச் சொல்றது. இப்போ நாம பாக்குறது முழு அரண்மனை இல்ல, அதுல ஒரு பகுதிதான். நாயக்கரோட பேரன் சொக்கநாத நாயக்கர் தலைநகரைத் திருச்சிக்கு மாத்தினப்போ இங்கிருந்து நிறைய பிரிச்சு எடுத்துட்டுப் போனதாச் சொல்வாங்க. மிச்சமும் இடிஞ்சு விழுற நிலையில இருந்தப்போ, 1860-களின் கடைசியில மெட்ராஸ் கவர்னரா இருந்த நேப்பியர் பிரபு பழுது பாக்க ஏற்பாடு பண்ணினார். 'பம்பாய்' படத்துல வர்ற 'கண்ணாளனே' பாட்டு இங்கதான் எடுத்தாங்க, பாத்த உடனே உங்களுக்குத் தெரிஞ்சிடும்.

ஏன் வெயில் நேரத்துல இங்க? நடுவுல திறந்த முற்றம், சுத்தி பிரம்மாண்டமான தூண் வரிசை. வெயில் முற்றத்துல விழுந்து, அங்கேர்ந்து தெறிச்சு, தூண்களுக்கு நடுவுல மெதுவான வெளிச்சமா வரும். நீங்க நிழல்ல நின்னு நிழல்ல இருக்கிறதை எடுக்கலாம். முற்றத்தையும் சேர்த்து எடுத்தீங்கன்னா வெள்ளையா எரிஞ்சு போகும். அப்போ போன் ஸ்கிரீன்ல வெளிச்சமான இடத்தைத் தொட்டு, வர்ற சூரியன் குறியைக் கீழே இழுங்க. தூண்கள் கொஞ்சம் இருட்டாகும், ஆனா வளைவு ஒவ்வொண்ணும் தனித்தனியா நிக்கும். இன்னொண்ணு, யாராவது ஒருத்தரைத் தூண் பக்கத்துல நிக்க வைங்க. ஆள் இல்லாம எடுத்தா அந்தத் தூண் எவ்வளவு பெருசுன்னே படத்துல தெரியாது.

நுழைவுக் கட்டணம் தனி, கேமராவுக்குத் தனி. ரெண்டு சீட்டும் வாங்கிக்கங்க.

மத்தியானம் கப்பலூர் திரும்பிச் சித்தி கையால சாப்பிட்டுத் தூங்குங்க. கிண்டல் பண்ணல. அஞ்சு மணிக்கு முன்னாடி எழுந்தவங்க சாயங்காலம் தெம்பா இருக்கணும்னா தூங்கித்தான் ஆகணும். திரும்ப மனசில்லன்னா காந்தி மியூசியம் போகலாம். ராணி மங்கம்மாளோட தமுக்கம் அரண்மனையில, 1959-ல் நேரு திறந்து வச்சது. காந்தி கடைசியா உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிஞ்ச துணி அங்க இருக்கு. படம் எடுக்கத் தோணாது, சும்மா நின்னு பாத்துட்டு வருவீங்க.

ரெண்டாவது வெளிச்சம்: சனி சாயங்காலம், கோபுரமும் வீதிகளும்

நாலு மணிக்கு ஊருக்குள்ள. வண்டியைத் தள்ளி எங்கயாவது பார்க்கிங்ல விட்டுடுங்க, சித்திரை வீதிகளுக்குள்ள வண்டி விட மாட்டாங்க.

மதுரையோட தெரு அமைப்பு புரிஞ்சா படம் எடுக்கிறது சுலபம். நடுவுல கோயில். அதைச் சுத்திச் சதுரம் சதுரமா வீதிகள். கோயிலுக்குள்ளயே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, அடுத்து ஆவணி மூல வீதி, அடுத்து மாசி வீதி, கடைசியா வெளி வீதி. வெளி வீதி பக்கம் ஒரு காலத்துல கோட்டையும் அகழியும் இருந்துச்சு. 1840-களில் பிளாக்பர்ன்ங்கிற கலெக்டர் அதை இடிச்சு, அகழியைத் தூத்து ஊரை விரிவாக்கினார். அந்த வேலையைப் பாத்த பெருமாள் மேஸ்திரி பேருலயும், மாரட் பேருலயும்தான் இன்னைக்கும் தெரு இருக்கு. பிளாக்பர்ன் ஞாபகமா வச்சதுதான் விளக்குத்தூண்.

இப்போ வெளிச்சத்துக்கு வருவோம். நாலு கோபுரம், நாலு திசை. சாயங்காலச் சூரியன் மேற்குக் கோபுரத்து மேல நேரா விழும். ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துலேர்ந்து கோயிலைப் பாத்து வர்ற டவுன்ஹால் ரோட்டுல நின்னு பாருங்க, பெயர்ப் பலகை, ஒயரு, ஆட்டோ எல்லாத்துக்கும் மேல கோபுரம் மஞ்சளா நிக்கும். ஒயர் வருதேன்னு கவலைப்படாதீங்க. அதுதான் மதுரை. காலையில எடுக்கணும்னா கிழக்குக் கோபுரம்.

ஒரு சின்ன விசயம், நிறைய பேர் கவனிக்கிறதில்ல. மதுரை நிலநடுக்கோட்டுக்குக் கிட்ட இருக்கிறதால, ஏப்ரல் நடுவுலேர்ந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் உச்சி வெயில் வடக்குப் பக்கம் சாஞ்சு விழும். அந்த மாசங்கள்ல வடக்குக் கோபுரத்துக்கு, நம்ம மொட்டைக் கோபுரத்துக்கு, வெளிச்சம் கிடைக்கும். மத்த மாசங்கள்ல தெற்குக் கோபுரத்துக்கு யோகம். நாலுலயும் உயரமானது அதுதான், சுமார் 170 அடி.

கோபுரத்துக்குக் கீழயே நின்னு அண்ணாந்து எடுத்தா அது பின்னாடி சாயற மாதிரி வரும். தள்ளிப் போங்க, ரெண்டு மடங்கு ஜூம் வைங்க, நேரா நிக்கும். மேலமாசி வீதி தாண்டி மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில மொட்டை மாடி ரெஸ்டாரன்ட் வச்ச ஹோட்டல்கள் இருக்கு. ஒரு டீ சொல்லிட்டு மேல உக்காந்தா கோபுரங்களைச் சேர்த்துப் பாக்கலாம். சூரியன் மறைஞ்ச பிறகு இருபது நிமிசம் வானம் நீலமா இருக்கும், கோபுரத்துல லைட் போட்டிருப்பாங்க. அந்த இருபது நிமிசத்தை விட்டுடாதீங்க, நம்ம ஊர்ல சீக்கிரம் இருட்டிடும்.

நேரம் இருந்தா கிழக்குப் பக்கம் எழுகடல் தெருவுக்கு நடந்து போய் ராய கோபுரத்தைப் பாருங்க. திருமலை நாயக்கர் ஆரம்பிச்சு முடிக்காம விட்ட கோபுரம். அடிப்பகுதி மட்டும்தான் இருக்கு. ஆனா அந்த நிலைக்கால் கல்லோட உயரத்தைப் பாத்தாலே முடிச்சிருந்தா எப்படி இருந்திருக்கும்னு மனசுல ஒரு கணக்கு ஓடும்.

எச்சரிக்கை ஒண்ணு. குடமுழுக்குத் திருப்பணி நடக்கும்போது கோபுரங்களைச் சாரம் கட்டி மறைச்சிருப்பாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி அந்த வாரம் யாராவது போட்ட படம் இருக்கான்னு பாத்துக்கங்க.

இருட்டின பிறகு: கோயிலுக்குள்ள

ஏழு மணிக்கு மேல போன், கேமரா, செருப்பு எல்லாத்தையும் வாசல்ல இருக்கிற பாதுகாப்பு அறையில குடுத்துட்டு டோக்கன் வாங்கிக்கங்க. எந்த வாசல்ல குடுத்தீங்கங்கிறதை மறந்துடாதீங்க. உள்ள சுத்தி வேற வாசல் வழியா வெளியே வந்தா மறுபடி வெறுங்காலோட பாதிக் கோயிலைச் சுத்தணும். அரை டிராயர் போட்டுட்டுப் போகாதீங்க.

தம்பி, நீங்க கேட்ட அந்தக் குளத்துப் படியில போய் உக்காருங்க. பின்னாடி தெற்குக் கோபுரம் இருக்கும். படம் எடுக்க முடியாது. பத்து நிமிசம் சும்மா உக்காருங்க. முதல் ரெண்டு நிமிசம் கை தானா பாக்கெட்டுக்குப் போகும். எனக்குப் போச்சு. அப்புறம் நிக்கும். பக்கத்துல ஒரு குடும்பம் பொட்டலத்தைப் பிரிச்சுச் சாப்பிடும், ஒரு பாட்டி காலை நீட்டி உக்காந்திருப்பாங்க, தண்ணியில கோபுரத்தோட விளக்கு ஆடும். இதெல்லாம் போட்டோவுல வர்ற விசயம்தான். ஆனா எடுக்க முடியாதுன்னு தெரிஞ்ச பிறகு வேற மாதிரி பாப்பீங்க.

கம்பத்தடி மண்டபத்துல மீனாட்சி திருக்கல்யாணச் சிற்பத்தைத் தேடிக் கண்டுபிடிங்க. பெருமாள் தங்கச்சியைத் தாரை வார்த்துக் குடுக்கிற அந்த மூணு பேரோட முகத்தையும் நல்லாப் பாத்துக்கங்க. மீனாட்சியோட வெக்கத்தைக் கல்லுல எப்படிக் கொண்டு வந்திருக்காங்கன்னு கவனிங்க. ஒன்பது மணி வாக்குல இருந்தீங்கன்னா பள்ளியறை பூஜை. சொக்கநாதரோட பாதத்தைப் பல்லக்குல வச்சு, மேளத்தோட அம்மன் சன்னிதிப் பள்ளியறைக்குக் கொண்டு போவாங்க. ஒவ்வொரு ராத்திரியும் நடக்கிறது. கோயில் மத்தியானம் பன்னிரண்டரையிலேர்ந்து நாலு வரைக்கும் சாத்தியிருக்கும், நானும் என் ஃபிரெண்ட்ஸும் ஏமாந்த மாதிரி நீங்க ஏமாறாதீங்க.

வெளியே வந்து விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜிகர்தண்டா. அப்புறம் கப்பலூர்.

மூணாவது வெளிச்சம்: ஞாயிறு காலை, அரிட்டாபட்டி

இன்னைக்கு வலது கைப் பக்கம். ரிங் ரோடு முழுக்க ஓட்டி, மேலூர் ரோட்டுல ஏறணும். ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதனால நாலரைக்குக் கிளம்புங்க. வழியில ஒத்தக்கடை பக்கம் யானைமலை. படுத்திருக்கிற யானை மாதிரியே ஒரே பாறை. விடியற நேரத்துல வானம் வெளுத்து மலை கறுப்பாத் தெரியும்போது வண்டியை ஓரமா நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கங்க.

அரிட்டாபட்டி உங்களோட பதினாலுல இல்லன்னு நினைக்கிறேன். பாறைக் குன்றுகள், கண்மாய்கள், சுனைகள். பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில், அதுல இலகுலீசர் சிற்பம். குன்றுல தமிழி எழுத்துக் கல்வெட்டும் சமணச் சிற்பமும் இருக்கு. லகுடு, ஷாகீன்னு வல்லூறு வகைகள் வாழுற இடம். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேர் இடத்தை 2022 நவம்பர்ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம்னு அரசு அறிவிச்சுது.

சரியா ரெண்டு வருசம் கழிச்சு, 2024 நவம்பர்ல, இந்த இடத்தையும் உள்ளடக்கிய பகுதியில டங்ஸ்டன் சுரங்கத்துக்கு மத்திய அரசு நடத்தின ஏலத்தோட முடிவு வந்துச்சு. ஊர் ஊரா கிராம சபைத் தீர்மானம் போட்டாங்க. டிசம்பர் 9-ம் தேதி சட்டமன்றத்துல தீர்மானம். 2025 ஜனவரி 7-ம் தேதி மேலூர் பக்கத்து ஜனங்க நரசிங்கம்பட்டியிலேர்ந்து மதுரை தல்லாகுளம் வரைக்கும் பேரணியா வந்தாங்க. ஜனவரி 23-ம் தேதி ஏலம் ரத்துன்னு அறிவிப்பு வந்துச்சு.

இதை ஏன் டூர் பிளான்ல சொல்றேன்னா, மீனாட்சி கோயிலை நீங்க போட்டோ எடுக்கலன்னாலும் அது இருக்கும். அதைப் பாத்துக்க லட்சம் பேர் இருக்காங்க. மேலூர் சுத்துவட்டாரத்துல கிரானைட்டுக்காக வெட்டிப் போட்ட குன்றுகளைப் போற வழியில நீங்களே பாப்பீங்க. அந்தக் குன்றுகள் முழுசா இருந்தப்போ எப்படி இருந்துச்சுன்னு காட்ட எத்தனை பேர்கிட்ட படம் இருக்கும்? அரிட்டாபட்டியில நீங்க எடுக்கிற சாதாரணப் படம்கூட, இந்தத் தேதியில இந்தக் குன்று இப்படி இருந்துச்சுன்னு சொல்ற ஒரு சாட்சி. அதனால இங்க அழகான குளோசப் மட்டும் எடுத்துட்டு வந்துடாதீங்க. தள்ளி நின்னு குன்று, கண்மாய், வயல் எல்லாம் சேர்ந்து தெரியற மாதிரி ரெண்டு படம் எடுங்க. தேதியோட வச்சுக்கங்க.

இது ஜனங்க வாழுற ஊர். கோயில் பக்கம் போனா செருப்பைக் கழட்டுங்க, ஸ்பீக்கர்ல பாட்டு வேண்டாம். டிரோன் கண்டிப்பா வேண்டாம், பாறையில கூடு கட்டுற பறவைகள் மிரண்டு போகும். கப்பலூர்ப் பக்கமும் ஏர்போர்ட் கிட்ட இருக்கிறதால டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பாக்காம டிரோனைப் பையிலேர்ந்தே எடுக்காதீங்க.

நாலரைக்கெல்லாம் எழுந்திருக்க முடியாதுன்னா மாத்து வழி இருக்கு. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட். மதுரை மல்லி 2013-ல் புவிசார் குறியீடு வாங்கினது. சாயங்காலம் மலர வேண்டிய பூவை மொட்டாவே பறிச்சுக் காலையில மூட்டை மூட்டையாக் கொண்டு வருவாங்க. விலை கத்துற சத்தம், தராசு, வாசம். இங்க ஒரே விதி: கேட்டுட்டு எடுங்க. "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" அவ்வளவுதான். வேண்டாம்னா சிரிச்சுட்டு நகருங்க. சரின்னா எடுத்து அவங்ககிட்ட காட்டுங்க, முடிஞ்சா வாட்ஸ்அப்ல அனுப்பி வைங்க. நடைபாதையை மறிச்சு நிக்காதீங்க, பின்னாடி தலைச்சுமையோட ஆள் வந்துக்கிட்டு இருப்பார்.

வெயில் நேரம்: கீழடி

ரிங் ரோட்டுலயே திரும்பி வரும்போது விரகனூர்ல ராமநாதபுரம் ரோட்டுக்குத் திரும்பினா கீழடி. ஊர் சிவகங்கை மாவட்டம்னாலும் மதுரைக்குப் பக்கம்தான். 2023 மார்ச்ல திறந்த அருங்காட்சியகம், செட்டிநாட்டு வீடு மாதிரி கட்டியிருக்காங்க. தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கை, கீழடியோட காலத்தைக் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரைக்கும் கொண்டு போச்சு. பேர் கீறின பானை ஓடுகள்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. தன் பானையில தன் பேரை எழுதி வச்ச ஒரு சாதாரண ஆள். வெயில் தணியற வரைக்கும் ரெண்டு மணி நேரம் தாராளமா ஓடும்.

நாலாவது வெளிச்சம்: ஞாயிறு சாயங்காலம், தெப்பக்குளம்

வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். 1645-ல் திருமலை நாயக்கர் காலத்துல அமைஞ்சது. மகால் கட்டச் செங்கலுக்கு மண் எடுத்த பள்ளம்தான் குளமாச்சுன்னும், தோண்டும்போது கிடைச்சவர்தான் மீனாட்சி கோயில்ல இருக்கிற முக்குறுணிப் பிள்ளையார்னும் சொல்வாங்க. நேத்து பாத்த மகாலும் கோயிலும் இந்தக் குளத்துக்குள்ள ஒண்ணா வந்து சேருது பாருங்க. பல வருசம் தண்ணியில்லாம பசங்க கிரிக்கெட் விளையாடின இடம் இது. இப்போ வைகைத் தண்ணி வர வழி பண்ணியிருக்காங்க.

அஞ்சு மணிக்கு மேற்குக் கரையில நில்லுங்க. சூரியன் உங்க முதுகுப் பக்கம், நடு மண்டபம் பொன்னிறமாத் தெரியும், தண்ணியில அதோட பிம்பம். சூரியன் இறங்க இறங்க நடந்து கிழக்குக் கரைக்கு வந்துடுங்க. இப்போ மண்டபம் கறுப்பு உருவமா, பின்னாடி சிவந்த வானம். ஒரே இடம், அரை மணி நேரம், ரெண்டு வேற வேற படம். தைப்பூசத்துத் தெப்பத் திருவிழா சமயம்னா கூட்டத்துல நகர முடியாது, ஆனா அது வேற அனுபவம்.

மழை முடிஞ்ச நவம்பர் கடைசியிலேர்ந்து பிப்ரவரி வரைக்கும் இந்தப் பிளானுக்கு நல்ல காலம், கண்மாய்ல தண்ணியும் இருக்கும். சித்திரைத் திருவிழா நேரத்துல இந்தப் பிளான் எதுவும் செல்லாது. அதுக்குத் தனியா ஒரு எபிசோடு போடுவோம்.

ராத்திரி ஆரப்பாளையத்துல கோயம்புத்தூர் பஸ். தம்பி, ஊருக்குப் போய் படங்களை அனுப்புங்க. பதினாலு இடத்துல மிச்சம் எதெல்லாம் விட்டுப் போச்சோ, அதுக்கு இன்னொரு தடவை சித்தி வீட்டுக்கு வாங்க.

அப்புறம் ஒண்ணு. அந்தப் பொற்றாமரைக் குளத்துப் படியில பத்து நிமிசம் உக்காந்தீங்கல்ல, அங்க என்ன பாத்தீங்கன்னு நாலு வரி எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல படிக்கிறேன்.